மேலே என்றால் எந்தப் பக்கம், அக்கா?

மனாகுவா
டிசம்பர் 4

அன்பிலும் வயதிலும் எனக்கு மூத்தவளான அக்கா லியோகாதியாவுக்கு,

தம்பி அபெலார்தோ மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே நானும் என் மனைவி நூபியாவும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், கோழிகள் ஒழுங்காக முட்டையிடுகின்றன என்றும், உன் மகன் யாதேர் சீஸ் வண்டியை நிதானமாக ஓட்டுகிறான் என்றும் நம்புகிறேன். நலம் விசாரிப்பதில் இன்னும் என்னென்ன உண்டோ அத்தனையும் விசாரித்ததாக எடுத்துக்கொள். இதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு வழி தெரியவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வாரம் நீ போன் செய்தபோதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருப்பதாக நூபியா சொன்னாள். நான் குளிக்கவில்லை. போனுக்குப் பக்கத்து நாற்காலியில், இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று நீ, “ஏண்டி நூபியா, அவன் மனுஷனா மீனா?” என்று கேட்டது எனக்கும் நன்றாகக் கேட்டது. போனில் உன் குரலைக் கேட்டால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் எழுதுகிறேன். எழுத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு. அதுவும் முதல் பக்கத்தில் மட்டும்.

நம் அம்மா வைத்து வணங்கிய மாதா சுரூபம் உன் வீட்டுக்கு வந்து சேரவில்லை. இதை உனக்குச் சொல்லத் தேவையில்லை, உன் பீடம் காலியாக இருப்பதை நீயே பார்த்துக்கொண்டிருப்பாய். ஒரு வருஷம் என் வீடு, ஒரு வருஷம் உன் வீடு என்ற ஏற்பாட்டின்படி இது உன் முறை. ஏழாம் தேதி இரவு ஊரே உன் வாசலில் கூடி, “இத்தனை மகிழ்ச்சிக்குக் காரணம் யார்?” என்று கத்தும்போது, “மரியாளின் அமல உற்பவம்!” என்று நீ பதில் சொல்ல, உனக்குப் பின்னால் ஒரு மாதா வேண்டும். அந்த மாதாவை அனுப்பும் பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாதேர் எவ்வளவோ சொன்னான். “மாமா, ஹுயிகால்பாவுக்குத் திரும்பிப் போற வண்டி காலியாத்தான் போகுது, மடியில வெச்சுக் கொண்டுபோயிடுறேன்” என்றான். நான்தான், நம் அம்மாவின் மாதா சீஸ் வாசனையோடு வந்து இறங்குவதா என்று மறுத்தேன். போக்குவரத்துத் துறையின் திட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவன் ஒரு பெட்டியை ஒழுங்காக அனுப்ப மாட்டானா என்றும் கேட்டேன். அவனிடம் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. வானொலியிலும் கேட்டுவிட்டேன்.

அந்த நிகழ்ச்சியை நீ கேட்டிருக்கக் கூடாது என்று தினமும் பிரார்த்திக்கிறேன். எங்கள் வட்டார வானொலியில் சரக்குப் போக்குவரத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். உலக நாடுகளுக்கெல்லாம் சரக்கு அனுப்பும் திறமைக்கு மதிப்பெண் போடுகிறார்களே, அதில் நம் நாடு வாங்கியிருக்கும் மதிப்பெண்ணைப் பற்றிக் கேள்வி. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்த மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள். அதை அப்படியே சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஒலிவாங்கியைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. “சாலை மோசமில்லை, பாலம் மோசமில்லை. நம் சரக்கு தொலைவது விலாசத்தில்தான்! பூகம்பத்தில் விழுந்த மரத்திலிருந்து இரண்டு தெரு, மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து ஒரு தெரு என்று இல்லாத பொருள்களை வைத்து விலாசம் சொல்லும் நாட்டில் எந்தச் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும்?” என்று முழங்கினேன். அறிவிப்பாளர் பெண் மரியாதையாக, “அப்ப என்னதான் செய்யணும் இன்ஜினியர் ஐயா?” என்று கேட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “வரைபடம் வேண்டும்! நாளைக் காலை என் தாயாரின் மாதா சுரூபத்தை ஹுயிகால்பாவிலுள்ள என் சகோதரிக்கு வரைபடத்தோடு அனுப்புகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர் கையில் இருக்கும். நாடு கவனிக்கட்டும்!” என்றேன். நாடு கவனித்தது, அக்கா.

உன் விலாசம் எனக்குத் தெரியாதா? முன்பு அரிசி ஆலை இருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு மேலே, ஒரு தெரு தெற்கே. மேலே என்றால் சூரியன் ஏறும் பக்கம், கீழே என்றால் இறங்கும் பக்கம். பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். படித்தவன் என்பதால் எனக்கு மட்டும் அது போதவில்லை. அளவுகோல் வைத்து, வடக்கு தாளின் உச்சியில் வருமாறு, உலக வழக்கப்படி வரைபடம் வரைந்து பெட்டியின்மேல் ஒட்டினேன். உன் பெயரை எழுதவில்லை. ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள், இடம் ஒன்றுதான் இருக்கும் என்பது என் கொள்கை. இப்போது எழுதும்போது அது கொள்கையாகவே தெரியவில்லை. கடைசியாக, மாதா தலைகீழாக நிற்கக் கூடாதே என்று பெட்டியின் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதி, சந்தை பஸ் நிலையத்தில் எல்மர் என்ற கண்டக்டரிடம் ஒப்படைத்தேன்.

மறுநாள் அவனைத் தேடிப் போனேன். அவன் என்னைக் கண்டதும் கண்ணெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தான். “பெரியவரே, ஒரு குறையும் இல்லாமச் சேர்த்துட்டேன்! மேலேன்னு எழுதியிருந்தீங்கல்ல? கூரைமேல படுக்கவெச்சு, அந்தப் பக்கத்தக் கிழக்கப் பார்த்தே வெச்சிருந்தேன். வண்டி வளையுறப்பெல்லாம் ஏறிப்போய்த் திருப்பி வெச்சேன். சான் பெனித்தோ திருப்பத்துல மாட்டு மந்தை குறுக்க வந்து டிரைவர் பிரேக் அடிச்சாரு, நான் கீழ விழப்பார்த்தேன், அப்பவும் பெட்டியக் கிழக்க விட்டு அசைய விடலயே!” என்றான். “வரைபடத்தை எப்படியப்பா பார்த்தாய்?” என்று கேட்டேன். “இதென்ன கேள்வி? தாளுக்கு மேல் பக்கம் எதுவோ அதக் கிழக்கப் பார்த்துப் பிடிச்சேன். அப்புறம் அழகா வழி காட்டிருச்சு. ஒரு அம்மா வாங்கிக்கிட்டாங்க. வாங்கினதும் அழுதாங்க” என்றான். அவனைக் கோபிக்க எனக்கு வாயில்லை. நான் எழுதிய ஒவ்வொரு வார்த்தைக்கும் அவன் கீழ்ப்படிந்திருக்கிறான். கைச்செலவுக்கு வைத்திருந்ததை அவனிடம் கொடுத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இனிமேல் நான் எழுதுவதை உட்கார்ந்து படி. சனிக்கிழமை நான் ஹுயிகால்பாவுக்கு வந்திருந்தேன். உன் ஊருக்கு வந்துவிட்டு உன் வீட்டுக்கு வராமல் போனேன். அரிசி ஆலை இருந்த இடத்தில் நின்று வரைபடத்தை எல்மர் பிடித்தது போலவே பிடித்து நடந்தேன். இரண்டு தெரு தெற்கே, ஒரு தெரு கீழே. அங்கே பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டில் மாதாவுக்கான ஒன்பது நாள் நவநாள் ஜெபம் ஆரம்பமாகியிருந்தது. உள்ளே வாழைக் குருத்தும் காகிதப் பூவும் கட்டிய பீடத்தில் நம் அம்மாவின் மாதா, ஒட்டவைத்த சுண்டுவிரலோடு நின்றிருந்தாள். பஸ்ஸில் வரும்போதே ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன்: ‘மதிப்புக்குரிய அம்மையீர், விநியோகத்தில் ஏற்பட்ட ஒரு சிறு திசைப் பிழையினால்…’ வாசலில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, “வாங்க பெரியவரே, வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வந்து உட்காருங்க” என்றாள். வாக்கியம் போய்விட்டது.

அவள் பெயர் பெட்ரோனா. போன வருஷம் மெழுகுவர்த்தி சாய்ந்து அவர்கள் பீடம் எரிந்து, மாதாவும் கரியாகிவிட்டதாம். வேறு வாங்க வழியில்லாமல், நவநாளுக்கு மாதாவை நீயே அனுப்பு தாயே என்று அழுதிருக்கிறாள். அந்தச் சமயத்தில்தான் பஸ் கூரையிலிருந்து பெட்டி இறங்கியிருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் ஒருவர், “பேரு ஊரு போடாம எந்த முட்டாளோ அனுப்பிருக்கான்” என்றார். உடனே பெட்ரோனா, “வாயக் கழுவிட்டு வாய்யா! மோட்சத்துலருந்து சம்மனசு வேலைக்கு வந்தா உன்ன மாதிரி பில்லு எழுதியா குடுக்கும்?” என்று சீறினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்க பெரியவரே, பார்த்தா படிச்சவரு மாதிரி இருக்கீங்க” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா, நான் வாயைத் திறந்தேன். அதிலிருந்து பாட்டுதான் வந்தது. அம்மாவின் மாதாவுக்கு முன்னால், முன்பின் தெரியாதவர் வீட்டில், கடைசி நாற்காலியில் உட்கார்ந்து மூன்று பாட்டும் பாடி முடித்தேன். முன்வரிசையில் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி எல்லோருக்கும் ஒரு வரி முந்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தாள். உன் ஞாபகம் வந்து எனக்கு முதுகு வியர்த்தது.

பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் கொடுப்பது போல எனக்கும் கரும்புத் துண்டும் எலுமிச்சையும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் கொடுத்தார்கள். “இது கடைசியில உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு” என்று முன்னாலிருந்து தனியாக ஒரு பொட்டலமும் கைமாறி வந்தது. மாதாவை மீட்கப் போனவன், கரும்பும் கிண்ணமுமாக வெளியே வந்தேன். உன் தெரு முனையில் யாரோ நிற்பது போலத் தெரிந்ததால் மாட்டு லாரி ஒன்றின் மறைவிலேயே பஸ் நிலையம் வரை நடந்தேன். பஸ்ஸில் பொட்டலத்தைப் பிரித்தேன். பப்பாளிக்காயை வெல்லத்தில் கிளறி, ஒவ்வொரு துண்டிலும் ஒற்றைக் கிராம்பு குத்திய இனிப்பு. அம்மா செய்கிற அதே மாதிரி. யார் யாரோ வீட்டில்கூட அம்மாவின் கைப்பக்குவம் இருக்கிறது, என்னிடம் அவளுடைய மாதாவைக் காப்பாற்றும் பக்குவம்கூட இல்லையே என்று அழுதேன். பக்கத்தில் இருந்தவர், இனிப்பு அவ்வளவு மோசமா என்று கேட்டார்.

இங்கேயும் தலை காட்ட முடியவில்லை. சாயங்காலம் ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என் ஜன்னலுக்கு நேராக நின்று, “இத்தனை குழப்பத்துக்குக் காரணம் யார்?” என்று கத்துகிறார்கள். தெருவின் மறுமுனையிலிருந்து, “இன்ஜினியர் அபெலார்தோ!” என்று பதில் வருகிறது. நேற்று அந்தப் பதிலில் நூபியாவின் குரலும் கேட்டது போல இருந்தது, கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை.

எவ்வளவு யோசித்தும் வழி தெரியவில்லை. மாதாவைக் கேட்டு வாங்கினால் பெட்ரோனாவின் வீட்டிலிருந்து ஒரு அதிசயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவனாவேன். கேட்காமல் விட்டால் ஏழாம் தேதி ஊரார் முன்னால் உன்னை வெறும் பீடத்தோடு நிறுத்தியவனாவேன். இரண்டில் எது குறைந்த பாவம் என்று நீ சொல். இந்த முறை சத்தியமாக வாயைத் திறந்து கேட்கிறேன். கேட்க முடியாவிட்டால் எழுதியாவது காட்டுகிறேன். இனி என் ஆயுளில் ஒரு தபால்தலையைக்கூட யாருக்கும் அனுப்பும் பொறுப்பை ஏற்க மாட்டேன்.

உன் முழங்காலுக்கும், கோழிகளுக்கும், நியாயமாகவே என்மேல் கோபமாக இருக்கும் உன் மனத்துக்கும் மாதா ஆறுதல் தரட்டும். அவள் எந்த வீட்டில் இருந்தாலும் தருவாள் என்று நம்புகிறேன். நூபியா உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

உன் பாதத்தில் விழுந்து மன்னிப்புக் கேட்கும்
தம்பி அபெலார்தோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் யாதேர் சீஸ் இறக்க வந்தான். வந்தவன் உட்காரக்கூட இல்லை. “மாமா, பப்பாளி இனிப்பு பதமா இருந்துச்சான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க” என்றான். எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. முன்வரிசை முக்காடு நீதான்! நவநாள் தொடங்கிய நாளிலிருந்து நீ அந்த வீட்டுக்குப் போய் நம் அம்மாவின் மாதாவுக்கு முன்னால் பாடிக்கொண்டிருக்கிறாய். நானாக வந்து என் வாயால் சொல்கிறேனா பார்க்கலாம் என்றுதான் தினமும் போன் செய்திருக்கிறாய். சனிக்கிழமை நான் லாரி மறைவில் ஓடியதைப் பார்த்த பிறகுதான் பெட்ரோனாவிடம் உண்மையைச் சொன்னாயாம். அவள், “அப்ப இது அதிசயம் இல்லையா?” என்று அழுததற்கு நீ, “அதிசயம்தாண்டி! என் தம்பி அனுப்பின சாமான் ஊருக்குள்ள வந்து சேர்ந்ததே அதிசயம்தான்” என்றாயாம். ஏழாம் தேதி பெட்ரோனா வீட்டார் மாதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, மூன்று தெரு மேலே, ஒரு தெரு வடக்கே, பாடிக்கொண்டே உன் வீட்டுக்கு வருகிறார்கள் என்றும், அடுத்த வருஷம் அவர்கள் முறை, அதற்கடுத்த வருஷம்தான் என் முறை என்றும் யாதேர் சொன்னான். என் திட்டம் எதுவும் இல்லாமல் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

ஆகவே மேலே எழுதிய எதற்கும் இப்போது அவசியமில்லை. ஆனாலும் கடிதத்தைத் தபாலில் போடாமல் என் கையிலேயே கொண்டு வருகிறேன். ஏழாம் தேதி காலை காலி சீஸ் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வருகிறேன். வழி யாதேருக்குத் தெரியும். வந்ததும் கடிதத்தை உன்னிடம் தருவேன். நான் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பேன். குளித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு படி.