மாடி ஹோட்டல் நாதமுனிக்கு நான் விட்ட எள்ளும் தண்ணியும்

“…உசிரோட கீற ஆளுக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சவன் வந்து கூப்புடுவானாம், நான் போய் எலை போடணுமாம்! இன்னா நைனா, வெள்ளாடுறியா?” என்று கேட்டார் நாதமுனி.

திருவள்ளூரில், குளத்துக்குப் போகிற தெருவில், ஜல்லி கொட்டிவைத்திருந்த ஒரு காலி மனையில் ஈர வேட்டியோடு நின்றுகொண்டு கேட்டார். எதிரே நானும் ஈர வேட்டியோடு நின்றேன். விரலில் தர்ப்பை மோதிரம் இன்னும் கழற்றப்படாமல் இருந்தது. கல்யாணம் கையை விட்டுப் போகிற நேரத்தில் ஒரு மனுஷன் எப்படி முழிப்பானோ அப்படி முழித்தேன். (எங்கள் கல்யாணப் போட்டோவில் பாருங்கள், அந்த முழியில் கொஞ்சம் பாக்கி இருக்கும்.)

நாலு பேரை விசாரிக்கப் போகிறவன் அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீடு வந்து சேர வேண்டும். நான் கேட்டதை நம்பிக் குளத்தில் இறங்கியவன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியில் புதிதாக முளைத்த ஒரு கம்பெனியில் எனக்கு ஃபிட்டர் வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. வாய் மட்டும் எம்.ஏ. வரை போயிருந்தது. ஆரம்பாக்கத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பேர் ருக்மணி. அவள் காபித் தட்டை நீட்டிய மாத்திரத்தில் நான் மனசுக்குள் பத்திரிகை அடித்துவிட்டேன்.

அவளுடைய அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சம்பளத்தைப் பற்றி இல்லை.

“மாப்ளைக்கு திருவள்ளூர்தானே? குளத்தாண்ட நாதமுனியோட மாடி ஹோட்டலு கீதே, நல்லா ஓடுதா?”

“அதை இடிச்சுட்டாங்களே மாமா. நாலஞ்சு வருஷம் ஆச்சு.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “என் கண்ணாலம் அங்க பெருமாள் கோயில்லதான் ஆச்சு. சமையக்காரன் கம்பி நீட்டிட்டான். தாலி கட்டிட்டு நானும் இவளும் பட்டினியா நிக்கறோம், ஜனம் பூரா பட்டினி. அந்த நாதமுனிதான் எங்க அத்தினி பேரையும் மாடியில குந்தவெச்சு, தன் கையால எலை போட்டாரு. என் பொண்ணு கண்ணாலத்துக்கும் மொத எலையை அவருதான் போடணும்னு அன்னிக்கே நெனச்சேன். ஆளை இட்டுக்கினு வா, அப்பால தேதி பாக்கலாம்.”

“ஒருவேளை அவரு இல்லாமப் போயிருந்தா?”

“அவரு புள்ளைய இட்டுக்கினு வா. யாரும் இல்லாம தேதி மட்டும் கேட்டுக்கினு வராதே.”

கதவுக்குப் பின்னாலிருந்து ருக்மணி என்னைப் பார்த்த பார்வையில், ‘இதுகூடவா முடியாது?’ என்று எழுதியிருந்தது. ‘முடியாதாவது!’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த ஹோட்டல் எனக்கும் தெரியாததில்லை. அறுபதுகளில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். கீழே டிபன், மேலே சாப்பாடு. மரப்படி. சர்வர் கையில் ஆறு தட்டை அடுக்கிக்கொண்டு அதில் ஏறும்போது, கீழே இருப்பவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். வாசல் பலகையில் ஏதோ பெரிய பேர் இருந்தது. ஊரில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. மாடி ஹோட்டல் என்றால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விசாரணையில் இறங்கினேன். சோடாக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்: “இட்லியா அது? தொண்டைகிட்ட போய் வழிவிடுன்னு கேக்கவே கேக்காது. அதுபாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்.” கட்டினது யார், எப்போது என்று கேட்டால் மறுபடி இட்லிக்கே வந்துவிடுவார். சலூன்காரர், கட்டடம் வெள்ளைக்காரன் காலத்துக் குதிரை லாயம் என்று சத்தியம் செய்தார். (மாடியில் குதிரையா என்று கேட்டேன். “அப்ப குதிரைங்க அப்படி” என்றார்.) பூக்கடைக்காரம்மா, அது ஒரு ஜமீன் ஊடு என்றாள். ஒரு விஷயத்தில் மட்டும் மூவருக்கும் ஒரே பேச்சு: நாதமுனி போய்ச் சேர்ந்துவிட்டார். சலூன்காரர் ஊர்வலத்தில் கூடவே நடந்தாராம். “இன்னா மேளம்! இன்னா பூ!”

பிள்ளைகள் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. செத்தவர் குடும்பம் எங்கே இருக்கிறது என்பது குளத்தங்கரை வாத்தியாருக்குத் தெரியாமலா போகும் என்று நானே மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தேன். அங்கேதான் சனி ஏறி உட்கார்ந்தது.

நான் போனது தை அமாவாசை. கரை முழுக்க ஜனம். வாத்தியார் ஒரே நேரத்தில் ஒரு பெரிய வரிசைக்கே தர்ப்பணம் செய்துவைத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, ஒரு விஷயம் கேக்கணும்…”

“நின்னுண்டு கேக்கறவாளுக்கெல்லாம் இன்னிக்குப் பதில் கிடையாது. உக்காந்தா உக்காரு, இல்லேன்னா வழியை விடு.”

அப்பா உயிரோடு இருக்கிறவன் அந்த வரிசையில் உட்காரக் கூடாது என்பது திருவள்ளூரில் குளத்து மீனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் எம்.ஏ. மூளை வேறு கணக்குப் போட்டது: நாதமுனி பேரைச் சொல்லி உட்கார்ந்தால் போயிற்று, பாவம், அவருக்கும் ஒரு கை எள் கிடைத்த மாதிரி இருக்கும், வாத்தியாரையும் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். தர்ப்பை மோதிரம் விரலில் ஏறியது.

“யாருக்குப்பா?”

“மாடி ஹோட்டல் நாதமுனி சாமி. உறவு இல்லை, வேண்டியவர்.”

வாத்தியார் கை ஒரு நொடி நின்றது. “அடடா, நாதமுனியா? எப்போ? எனக்குச் சொல்லவே இல்லையே! சரி, பேரைச் சொல்லி விடு. நன்னா வாய்விட்டுச் சொல்லு.”

வாய்விட்டுச் சொல்வதற்கு எனக்குப் பாடமா வேண்டும்? அக்கரைக்குக் கேட்கிற மாதிரி “நாதமுனி” என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். மறுபடி “நாதமுனி” என்று விட்டேன். மூன்றாவது முறை “நாதமுனி!” என்றதும் எனக்குப் பின் வரிசையிலிருந்து ஒரு குரல்:

“இன்னாப்பா? எத்தினி தபா கூப்புடுவே?”

திரும்பினேன். குட்டையாக, உருண்டையாக, நெற்றி நிறைய நாமத்தோடு ஒருவர் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் எழுந்தே விட்டார். “நாதமுனி! நீரா? உம்ம பேர்லதானேய்யா இவன் எள் விட்டுண்டிருக்கான்!”

கரையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அந்தக் குளத்தில் முங்கிய நான் அப்படியே எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம்.

சேதி எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும் காபியை ஆற்றிக்கொண்டே, “ஏண்டா, ஊரான் அப்பனுக்கெல்லாம் விட்டியே, எனக்கு எப்போ?” என்று கேட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் யாரையாவது இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட்டால், “உசிரோடதான் கீறேன்!” என்றுதான் பதில் வரும். பேத்திகூடச் சொல்கிறது. அதற்குக் குளமும் தெரியாது, எள்ளும் தெரியாது.

அன்று குளத்தங்கரையில் நாதமுனி என் கையைப் பிடித்து, தெருவோடு இழுத்துக்கொண்டு போனார். போலீசுக்குத்தான் என்று நினைத்தேன். போகிற வழியில் நான் உளறியதிலிருந்து என் விசாரணையைப் புரிந்துகொண்டு, “குதிர லாயமாம், ஜமீனாம்! எவன் சொன்னான்? வாடகைக் கட்டடம்பா அது. மண்டிக்காரர் ஒர்த்தரு கட்டினது. செவுரு வாய் பொளந்துச்சு, அவரு இடிச்சாரு, நான் ஆந்திரா பக்கம், தடாவுல கீற பொண்ணு ஊட்டுக்குப் போய்ட்டேன். அவ்ளோதான் கதை” என்றார். மேளம், பூ, ஊர்வலம் எல்லாம் ஹோட்டலில் மாவரைத்தவருக்கு நடந்ததாம். “செலவு என்து. அதனால செத்தவனும் நான்னு சொல்லிட்டாங்க போல.”

ஹோட்டல் இருந்த அந்தக் காலி மனைக்கு வந்து சேர்ந்தோம். “இங்க கல்லா… அங்க அடுப்பு…” என்று முனகிக்கொண்டே நடந்தவர், ஓரிடத்தில் வலது காலைத் தூக்கினார். படி இருந்த இடம். தூக்கிய காலை ஒரு நொடி அப்படியே வைத்திருந்துவிட்டு மெதுவாக ஜல்லிமேல் இறக்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் ஆரம்பாக்கம் மாமா கதையைச் சொன்னேன். சமையல்காரன் ஓடியது, மாடியில் இலை போட்டது, இப்போது முதல் இலைக்காகத் தேதி குறிக்காமல் உட்கார்ந்திருப்பது. முடிப்பதற்குள் எகிறிவிட்டார். “நேத்து வரிக்கும் ஒருத்தனும் தேடல. இன்னிக்கு உசிரோட கீற ஆளுக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சவன் வந்து கூப்புடுவானாம்…”

வாங்கிக்கொண்டு நின்றேன். ருக்மணி போனாள், அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நாதமுனி ஈர வேட்டியை மடித்துக் கட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை. அடுப்பு இருந்த மூலையைப் பார்த்து, அங்கே படுத்திருந்த எருமை திடுக்கிட்டு எழுந்திருக்கும்படி ஒரு குரல் கொடுத்தார்:

“டேய்! ஆரம்பாக்கத்துல கண்ணாலம்! பருப்பு ஏத்து!”