முதுகுவலிக்கு ஒரு ஸ்கேன்

இந்தப் பௌர்ணமிக்கு மலையைச் சுத்துறதில்லைனு சபதம் எடுத்தேன். பதினாலு கிலோமீட்டருங்க! வெறுங்கால்ல! அண்ணாமலையாருக்கு என்ன, அவரு ஒரே இடத்துல இருக்காரு. சுத்துறது நான்தானே?

ஆனா என் சம்சாரம் ராணியம்மா, ஜோடியா சுத்துறோம்னு வேண்டிக்கிட்டா. எதுக்குனு நான் கேக்கல. என் பேரு வல்லரசு. பேருதான். வீட்டுல எனக்கு ஓட்டு கூட கிடையாது.

அதனால முதுகைப் புடிச்சேன். எங்க தெருவுல யாரு எப்படி நொண்டுவாங்கன்னு அச்சு அசலா செஞ்சு காட்டுற ஆளுங்க நானு. நம்ம முதுகு எம்மாத்திரம்?

"அம்ம்ம்மா... ராணீ... டிஸ்க்கு நவுந்துடுச்சுடீ!"

"ஐயோ, இன்னாங்க இது! நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கேன் சென்டர் போறோம். எம்ஆர்ஐ."

நம்ம மேல எவ்ளோ அக்கறை பாருங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

மறுநாள் சென்டர்ல ஸ்கேன் எடுக்குற மூர்த்தி பேப்பரோட வந்தாரு.

"உள்ள வர்றவங்க மேல இரும்பு ஒண்ணும் இருக்கக் கூடாது சார். அது பெரிய காந்தம். சாவிக்கொத்தைக் கூட வெடுக்குனு இழுத்துக்கும்."

சாவி, செல்லு, பெல்ட்டு, அரணாக்கயித்துல இருந்த தாயத்து, எல்லாத்தையும் கழட்டுனேன்.

"உடம்புக்குள்ள பிளேட்டு, ஸ்க்ரூ எதனா?"

ராணி முந்திக்கிட்டா. "தலையில ஒண்ணு இருந்துது தம்பி. கண்ணாலத்துக்கு முன்னாடியே கழண்டுடுச்சு."

கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தேன். ஒரு பெரிய குழாய். உள்ள யாரோ படுத்திருக்காரு, காலு மட்டும் தெரியுது. டக்கு டக்கு டக்கு! கர்ர்ர்! டொய்ங்!

"அரை மணி நேரம் அசையக் கூடாது, பேசக் கூடாது"ன்னாரு மூர்த்தி.

பேசாமலா? நான் பொறந்தப்பவே அரை மணி நேரம் சும்மா இருந்ததில்லைங்க!

"தம்பி! எனக்கு முதுகே வலிக்கல! பாரு!" குனிஞ்சு கட்டைவிரலைத் தொட்டேன். குதிச்சேன். மூணு தோப்புக்கரணம் போட்டேன். "எல்லாம் நடிப்பு! என்னை வுட்டுடுப்பா!"

மூர்த்தி பேப்பரைப் பார்த்தாரு. "சார், ஸ்கேன் அம்மாவுக்கு. முட்டிக்கு. நீங்க துணைக்கு நிக்கத்தான்."

ராணி செயினோட தாலியைக் கழட்டி என் கையில வெச்சா. பையிலருந்து மஞ்சக் கயிறு வந்துது. மஞ்சக் கிழங்கு ரெடியா கோத்திருக்கு! கட்டிக்கிட்டே சொன்னா:

"ஆறு மாசமா முட்டி வலிக்குது, துணைக்கு வாங்கன்னேன். நாளைக்கு, நாளைக்குன்னீங்க. உங்களுக்கு வலின்னதும் ஒன்பதரைக்கே வண்டியை எடுத்துட்டீங்களே?"

சுருக்குன்னுச்சுங்க. முட்டியைப் புடிச்சுக்கிட்டு அவ மாடி ஏறுறதைக் கூட நான் நடிச்சுக் காட்டி நாலு பேரைச் சிரிக்க வெச்சிருக்கேன்.

ரிப்போர்ட் பார்த்துட்டு டாக்டர் சொன்னாரு: "ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ஒரு மாசம் ஜாஸ்தி நடக்கக் கூடாது."

மூஞ்சியைச் சோகமா வெச்சுக்கிட்டேன். உள்ளுக்குள்ள மத்தாப்பு. மலை கேன்சலு!

"கேன்சல் எப்படிங்க?"ன்னா ராணி. "வேண்டிக்கிட்டதே இந்த முட்டிக்குத்தான். என் சுத்தையும் சேர்த்து நீங்களே சுத்திடுங்க. முதுகுதான் தோப்புக்கரணம் போடுதே."

"ரெண்டு சுத்தா? இருபத்தெட்டு கிலோமீட்டர்டீ!"

"கணக்கு நல்லா போடுறீங்க."

பௌர்ணமியன்னிக்கு பாதி வழி, அடி அண்ணாமலை ஊரு வரைக்கும் நடந்தேன். உள்ளங்கால் எரியுது. நைசா சந்துல திரும்புனேன். ஒரு ஆட்டோ நின்னுச்சு. டிரைவர் முன்னபின்ன பார்த்த மூஞ்சி இல்ல. அப்பாடான்னு ஒரு காலைத் தூக்கி உள்ள வெச்சேன்.

அவரு செல்லுல ஒரு போட்டோவைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு.

"வல்லரசு அண்ணன்தானே? மொத சுத்தா, ரெண்டாவது சுத்தானு அண்ணி கேக்கச் சொன்னாங்க."