பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து

முப்பத்தோரு வருடம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். சோதனையே செய்யாமல் விடை எழுதிய மாணவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். நூற்றுப் பதின்மூன்றாவது ஆள் பிடிபட்டது என் ஓய்வுக்குப் பிறகு. அது நான்.

சித்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் இருநூறு லிட்டர் கடல் இருக்கிறது. கண்ணாடித் தொட்டி, உப்புநீர், ஐந்து மீன்கள், உயிருள்ள பவளங்கள். எல்லாம் மருமகள் கலையரசி வளர்ப்பது. நகத்தளவு துண்டாக வந்த ஒன்றுக்குப் பூப்பவளம் என்று பெயர் வைத்திருந்தாள். மூன்று வருடத்தில் அதில் நாற்பத்து மூன்று பூக்கள், அதாவது பூப்போல விரியும் குட்டி உயிர்கள். (தினமும் எண்ணுவேன். அதற்கே கூச்சமாக இருந்திருக்கும்.)

அவள் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. பத்து நாள் அம்மா வீட்டில், சூரியநெல்லியில் இருக்க வேண்டும்.

"மீன் தொட்டிக் கடைக்காரரை வந்து பாத்துக்கச் சொல்லலாம். அப்பாவுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றான் மகன்.

"மாமா லேப்ல இருந்தவுக. அவுகளை விடக் கருத்தா யாரு பாத்துக்குவா?" என்றாள் அவள். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

"மாமா, தெனமும் பாஸ்பேட் பாத்து நோட்டுல எழுதிருங்க. 0.05 இருந்தா போதும். ஏறுச்சுன்னா பாசி மூடி, பவளம் செத்துரும். தெனமும் ஒரு குடம் தண்ணி மாத்துங்க, ஏறுனா கூடக் கொஞ்சம். ஆர்.ஓ. தண்ணியில உப்புக் கலந்துதான் ஊத்தணும்."

அந்த ஆர்.ஓ. இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் தர மூன்று குடத்தை வெளியே கொட்டுகிறது. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கிணற்றில் இறைத்து, உப்புக் கலந்து ஊற்றினேன். தெளிவான தண்ணீர். கிணற்றை ஒட்டி நெல்வயல். போன வாரம்தான் உரம் போட்டிருந்தார்கள். உரத்தில் என்ன இருக்கும் என்று ஆய்வகத்துக்காரனுக்குத் தெரியாதா? (தெரியும். மூன்று குடம் கண்ணை மறைத்துவிட்டது.)

ஐந்து மில்லி தொட்டி நீரில் மருந்து சொட்டி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். நான்காம் நாள் லேசான நீலம். தண்ணீரை மாற்றினேன், கிணற்றிலிருந்து. ஐந்தாம் நாள் இன்னும் நீலம். இன்னும் நிறைய மாற்றினேன், அதே கிணற்றிலிருந்து. ஏழாம் நாள் குழாய்க்குள் பள்ளிக்கூடச் சீருடை நிறம்.

சாயங்காலம் போன் வரும்.

"இன்னைக்கு எம்புட்டு மாமா?"

"பூஜ்யம் புள்ளி பூஜ்யம் அஞ்சும்மா."

"பூவெல்லாம் விரிஞ்சிருக்கா?"

"ஜம்முனு இருக்குது."

அப்போது இருபது பூக்கள் மூடியிருந்தன. போனை வைத்ததும் என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, இது மீன் தொட்டிங்களா, பாசிக் கொளமுங்களா? புள்ளைகிட்ட உள்ளதைச் சொல்லிப்போடுங்க."

"நாளைக்குச் சரியாயிரும். நீ சும்மா இரு."

நாளை வந்தது, சரியாகவில்லை. அதன் பிறகு சோதனை செய்வதையே நிறுத்திவிட்டேன். நோட்டில் மட்டும் 0.05, அழகான கையெழுத்தில்.

பதினோராம் நாள் காலை கலையரசி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். ஐந்து மில்லி எடுத்து மருந்து சொட்டி என் முன்னால் வைத்தாள். முந்நூறு வினாடி. எண்ணினேன். நூற்றைம்பதிலேயே நீலம் ஏறிவிட்டது. மிச்ச நூற்றைம்பது வினாடியும் அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த மாணவர்களை நான் முறைத்துப் பார்த்திருக்கிறேன். அது இதைவிட எவ்வளவோ இரக்கமானது.

"எந்தத் தண்ணி மாமா?"

"கிணத்துத் தண்ணிம்மா."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "நாலாம் நாளே சொல்லியிருந்தா அன்னைக்கே வழி சொல்லியிருப்பேன், மாமா" என்றாள் மெதுவாக.

ஆறு பூக்கள் பிழைத்தன. ஆர்.ஓ. கழிவுக் குழாயை அன்றே தென்னை மரத்தடிக்குத் திருப்பிவிட்டாள். நான்கு நிமிட வேலை. எனக்கு அது தோன்றவேயில்லை.

இப்போது காலையில் நான் சர்க்கரை பார்த்து, "நூத்திப்பத்து" என்றால், அடுக்களையிலிருந்து என் மனைவி கேட்பாள்: "மெசின் சொன்னதுங்களா, நீங்க சொன்னதுங்களா?" மகன் சிரிப்பான். கலையரசி சிரிக்காமல் வந்து இயந்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் போவாள்.

பூப்பவளத்தில் இன்று பதினான்கு பூக்கள். சந்தேகம் இருந்தால் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.