பதினான்கு மெத்தைகளும் ஓர் உறுமலும்

ஹெவி மெட்டல் ஆல்பம் பதிவு செய்ய என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், முதலில் பதினான்கு மெத்தைகள் என்பேன். அவை உங்கள் சொந்த மெத்தைகளாக இருப்பது நல்லது. எனக்கு இந்த இரண்டாவது விஷயம் அப்போது உறைக்கவில்லை.

சின்னக்கானலில் நாங்கள் நான்கு பேர் ‘கவாத்து’ என்றொரு இசைக்குழு வைத்திருந்தோம். (தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவதற்கு எஸ்டேட்டில் அதுதான் பெயர். எங்கள் பாட்டைக் கேட்டவர்களும் அப்படித்தான் ஆனார்கள்.) நான் பாடகன், அதாவது, அடிவயிற்றிலிருந்து உறுமுகிறவன். மற்ற நேரத்தில் ஒரு சுற்றுலா விடுதியின் வரவேற்பு மேசையில் பவ்யமாக உட்கார்ந்திருப்பேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது, அங்கே அறைகளைப் பராமரித்துவந்த என் அக்கா செல்வி.

எட்டுப் பாட்டுக்கும் டிரம்ஸ், கிட்டார் எல்லாம் பதிவாகிவிட்டன. குரல்தான் பாக்கி. எதிரொலிக்கும் அறையில் நான் உறுமினால் கிணற்றில் விழுந்தவன் கத்துவதுபோல இருக்கிறது என்றான், லேப்டாப்பைக் கவனித்துக்கொண்ட கிட்டார்காரன் முருகேசு. சுவர் முழுக்க மெத்தை கட்டினால் சரியாகும் என்றும் அவனே சொன்னான். அடைமழைக் காலம். விடுதியில் ஈ காக்காய் இல்லை, முதலாளியும் ஊரில் இல்லை. மெத்தைகளில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க முதலாளி போனில் சொன்னதாக அக்காவிடம் ஒரு பொய் சொல்லிச் சாவிகளை வாங்கினேன். விடுதியின் பதினான்கு மெத்தைகளும் பின்கட்டுச் சாமான் அறையின் நான்கு சுவரிலும் ஏறின.

மறுநாள் காலை, கடைசிப் பாட்டின் கடைசி உறுமல். இருபது விநாடி இழுக்க வேண்டும். பதினாறு முறை சொதப்பியாயிற்று. பதினேழாவது முறை, காதில் ஹெட்போன், மூடிய கண்கள், புடைத்த கழுத்து நரம்பு என்று அருமையாக வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் நண்பர் ஒருவர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு வந்து இறங்கியிருக்கிறார். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா திறந்த அறையிலெல்லாம் வெறும் கட்டில். அவள் திகைத்து நிற்கும்போது என் உறுமல் கேட்க, யாருக்கோ மூச்சு முட்டுகிறது என்று அவளுக்கு முன்னால் ஓடி வந்தது அவர்தான்.

கதவு திறந்தது எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து இரண்டு கைகள் விலாவை இறுக்கின; முதுகில் ஓர் அடி விழுந்தது. மாட்டுத் தொண்டையில் சிக்கிய மாங்கொட்டையை எடுத்துப் பழகிய கை. உறுமல் அலறலாகி, அலறல் இருமலாகி, கடைசியில் “அக்கா” என்று முடிந்தது. முருகேசு பதிவை நிறுத்தவே இல்லை.

“இப்ப மூச்சு வருதா கண்ணு?” என்றார் அவர்.

அக்கா சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் வேலையோடு அவள் வேலையும் போயிற்று என்று எனக்கே புரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அதற்குள் அவர் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார்.

“உங்க விடுதிப் பையனுக்கு என்னமோ வியாதிங்க. விழுந்தா அடிபடக் கூடாதுன்னு அவங்கக்கா செவுரு பூரா மெத்தை கட்டி வெச்சுப் பாத்துக்குதுங்க.”

அக்கா என் காதருகே குனிந்தாள். “வாயத் தொறந்த, கொன்னுபோடுவேன்.”

திறக்கவில்லை. இரண்டு நாள் அந்த அறையில் நோயாளியாகக் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அக்கா எவ்வளவோ கெஞ்சியும், நோயாளிக்கு வேண்டுமென்று அந்த மனிதர் தன் குடும்பத்துக்கு இரண்டு மெத்தைக்குமேல் வாங்கிக்கொள்ளவில்லை. ஐந்து பேரும் அதிலேயே நெருக்கிப் படுத்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது. பதினேழாவது பதிவு அப்படியே ஆல்பத்தில் சேர்ந்தது. அதைவிட உருக்கமாக நான் பாடியதே இல்லை என்பது முருகேசின் தீர்ப்பு.

வியாதிக்காரன் என்ற பெயர் மலை முழுக்கப் பரவி, எனக்குப் பெண் பார்த்த பீர்மேடு வரை போய்விட்டது. பெண்ணின் அப்பா தயங்கினார். வேறு வழியில்லாமல் அக்கா அவர் காதில் இயர்போனை வைத்து அந்தப் பாட்டைப் போட்டாள். இது வியாதியில்லை, பாட்டு என்றாள். அவர் முழுதும் கேட்டார். இயர்போனை மெதுவாகக் கழற்றினார்.

“வியாதின்னா மருந்து மாத்திரை இருக்குமேம்மா” என்றார்.

ஆனாலும் பெண்ணைக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றியதும் என் மனைவியைத் தனியே அழைத்து, “மாப்ளைக்கு இப்பவும் அந்தப் பாட்டு வருதா?” என்று விசாரிப்பார்.

“இப்பக் கொஞ்சம் கொறைஞ்சிருக்குப்பா” என்பாள் அவள்.