அப்பாவுக்கு ஒற்றை விசில்

காச்சிராயபாளையம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மூத்த சகோதரி சாலம்மாள் அவர்களுக்கு, தம்பி தனசேகரன் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவி செவ்வந்தியும் கோழிகளும் சுகம். அவ்விடம் மாமாவின் முழங்கால், தங்களின் இடுப்பு, ஆற்றோரத்துக் கரும்பு ஆகியவை எப்படி இருக்கின்றன என்று தெரிவிக்கவும். சுகமாக இருப்பவர்கள் வரிசையில் மகள் தமிழ்மொழியின் பெயரைக் காணோமே என்று தாங்கள் உடனே கேட்பீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா, நான் அலோ சொல்வதற்குள் நீ ஆரம்பித்துவிடுகிறாய். (தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது, இனிமேல் நீதான்.) காகிதத்தில் யாரும் நடுவில் புக முடியாது. மணலூர்பேட்டை வண்டிக் கண்டக்டர் சிவசங்கர் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவனிடம் ஊர்க்கதை பேசாமல் வாங்கிக்கொள். நீ ஞாயிற்றுக்கிழமை டிரங்குப் பெட்டியோடு வந்து தமிழ்மொழியை அழைத்துக்கொண்டு போய், உனக்குத் தெரிந்த ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடப் போவதாகச் சொன்னாய் அல்லவா? தேவையே இல்லை. பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றிவிடு. இங்கே எல்லாவற்றையும் நானே சரிசெய்துவிட்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, தீபாவளி முடிந்ததிலிருந்து அவளுக்குத் தினமும் காலையில் வயிற்று வலி. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும், நான் கண்டக்டராகப் போகிற பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டதும் வலி ஆரம்பிக்கும், வண்டி கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்ததும் வலி நின்றுவிடும். ஒன்பதாவது படிக்கிற பெண், வாயைத் திறந்தால் "ம்", மூடினால் அதுவும் இல்லை. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். நீ சொன்னபடி கயிறு கட்டினேன். நீ சொன்னபடி எலுமிச்சம்பழத்தைச் சுற்றிச் சக்கரத்தில் வைத்து நசுக்கினேன். வீட்டில் இருப்பது சைக்கிள்தான் என்பதால் நம் பஸ்ஸின் டயருக்கு அடியில் வைத்தேன். அதைப் பார்த்த ஜனங்கள் பிரேக்கில் ஏதோ கோளாறு என்று மூட்டை முடிச்சோடு இறங்கிவிட்டார்கள். டிரைவர் கரீம் பாய்தான் ஒவ்வொருவராகக் கெஞ்சித் திரும்ப ஏற்றினார்.

சரி, பேச வைத்துவிடலாம் என்று நானே களத்தில் இறங்கினேன். பேச்சில் எனக்கு என்ன குறைச்சல்? வெள்ளிமலையில் ஏறுகிற ஆள், கோமுகி அணை வருவதற்குள் பங்காளிச் சண்டைவரை என்னிடம் கொட்டிவிட்டுத்தான் சில்லறையே எடுப்பான். வீட்டில் அவளை உட்கார வைத்து, யார் திட்டினது, டீச்சர் அடித்தாரா, எவனாவது பின்னால் வருகிறானா என்று விடாமல் கேட்டேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினதும் டிக்கெட் எடுக்காதவன் தூங்குகிற மாதிரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டுவிட்டாள். நான் பிள்ளையைக் கவனிக்காத அப்பன் இல்லை அக்கா. காலாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கினாளே, மறுநாளே அவளை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வண்டி முழுக்கச் சொல்லி யோசனை கேட்டவன் நான். வல்லாரைக் கீரை கொடு என்றவர் பலர், டியூஷன் வை என்றவர் சிலர், ஒரு பெரியவர் கல்யாணமே செய்துவிடு என்றார். அதன்பிறகும் தினமும் யாராவது ஒருவர் "கணக்கு இன்னா ஆச்சு?" என்று அவளை விசாரிக்காமல் இறங்கமாட்டார்கள். அவ்வளவு பாசம்.

கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்தே கூப்பிட்டு, பிள்ளைகளின் மனசுக்கு ஆலோசனை சொல்லுகிற நிர்மலா என்ற அம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். மூவரும் போனோம். நடந்தது முழுவதையும் நான் தெளிவாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா, "சார், நீங்க கொஞ்சம் வெளிய ஒக்காருங்க" என்றார்.

"ஏம்மா, நான்தானே அப்பா?"

"அதனாலதாங்க."

வெளியே உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் மிச்சத்தைச் சொல்லி முடித்தேன். பிறகு உள்ளே கூப்பிட்டு அந்த அம்மா சொன்னது இது: "பொண்ண புடிச்சி பேச வைக்காதீங்க. அதுவா பேசும்போது நடுவுல பூந்துடாதீங்க. போதும்னு சொல்றதுக்கு அதுக்கு ஒரு வழி வேணும். வூட்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு அடையாளம் வச்சிக்கிங்க. அது வந்தா பேச்சு நிக்கணும். ஏன்னு கேக்கக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்காகவா தனியாக ஒரு படிப்பு? ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் புறப்பட வேண்டும். இதை வைத்துத்தானே நான் இத்தனை வருஷமாக மலை ஏறி இறங்குகிறேன். அன்று மாலையே செவ்வந்திக்கு ஒரு விசில், தமிழ்மொழிக்கு ஒரு விசில் கொடுத்து, சட்டத்தை விளக்கிவிட்டேன்.

அன்று சாப்பிடும்போது ரசத்தில் என்ன குறை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். செவ்வந்தி ஒரு விசில் ஊதினாள். நிறுத்தினேன். சட்டம் சட்டம்தான். இரட்டை விசிலுக்காகக் காத்திருந்தேன், படுக்கும்வரை வரவில்லை. மறுநாள் கோழி விஷயத்தில் ஒரு விசில், உன் போன் வந்தபோது ஒரு விசில், நான் வாயைத் திறக்கலாமா என்று நினைத்தபோதே ஒரு விசில். நம் வீடு மெயின் ரோட்டில் இருப்பதை அவள் யோசிக்கவில்லை. ஒவ்வொரு விசிலுக்கும் வாசலில் மினிபஸ் நின்றது. ஒரு ஆள் தன் ஊர் வந்துவிட்டதென்று பையோடு இறங்கிவிட்டார், அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினோம். மினிபஸ் டிரைவர் உள்ளே வந்து, "இன்னாங்க, இங்க புதுசா ஸ்டாப்பிங் வச்சிட்டாங்களா?" என்று கேட்டார். இப்போது காலையில் நான்கைந்து பேர் குடையோடு நம் வாசலில்தான் நிற்கிறார்கள்.

தமிழ்மொழி மட்டும் ஊதவே இல்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். மருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது, மெல்ல வேலை செய்யும் என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன்.

இந்தத் திங்கட்கிழமை, மலையிலிருந்து வண்டி இறங்கி வருகிறது, நான் படியில் நிற்கிறேன், பார்த்தால் நம் ஊர் ஸ்டாப்பிங்கில் யூனிபாரம் போட்டுக்கொண்டு தமிழ்மொழி நிற்கிறாள்! யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகவே கிளம்பி வந்திருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை அக்கா. வண்டியில் மரவள்ளி மூட்டையும் கோழியுமாக நிற்க இடமில்லை. அவளை முன்சீட்டில் ஏற்றி உட்கார வைத்தேன். சந்தோஷத்தை அடக்க முடியுமா? ஜனங்களைப் பார்த்துத் திரும்பினேன்.

"எல்லாரும் கேளுங்க! எம் பொண்ணு இன்னிக்கு ஸ்கூலுக்கு வருது! ரெண்டு மாசமா வவுத்து வலின்னு வூட்லயே இருந்துச்சு. வவுத்துல ஒண்ணுமில்ல, மனசுலதான் ஏதோன்னு டாக்டரு சொல்லிட்டாரு. கணக்குலதான் கொஞ்சம் கம்மி..."

சாமை மூட்டையோடு வந்த அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்து, "அட, அந்த முப்பத்தொண்ணு வாங்குன பொண்ணா?" என்றாள். வண்டியே திரும்பிப் பார்த்தது.

அப்போது ஒரு விசில்.

கரீம் பாய் விசிலைக் கேட்டால் யோசிக்கிற ஆளில்லை, அடித்தார் பிரேக்கை. மரவள்ளி உருண்டது. ஒரு கோழி கட்டை அவிழ்த்துக்கொண்டு என் தோள்மேல் ஏறியது. பின்னால் வந்த கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன.

"கண்டக்டரே, இங்க ஏது ஸ்டாப்பிங்கு? யாருப்பா எறங்கறது?"

"நான் ஊதல பாய்" என்றேன்.

தமிழ்மொழி எழுந்து நின்றாள். "யாரும் எறங்கல மாமா. அப்பா நிறுத்தணும்."

"இன்னாத்தம்மா நிறுத்தணும்?"

"என்ன பத்தி ஊருக்குச் சொல்லிக்கினு இருக்கறத."

நான் சமாளித்துக்கொண்டு, போலாம் என்று என் விசிலை வாயில் வைத்தேன். கரீம் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீ ஊதாத தனசேகரு. நிறுத்துனவங்கதான் போவ சொல்லணும்." என் வண்டியிலேயே என் விசில் செல்லாமல் போய்விட்டது. பதில் சொல்ல வாயெடுத்தவன், அவளைப் பார்த்தேன் அக்கா. நான் அடுத்து என்ன சொல்லிவிடுவேனோ என்று விசிலை உதட்டருகிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பயந்துகொண்டு என்னிடமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள் என்று நினைத்ததும் என் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டேன். டிராக்டர்காரர்கள் இறங்கி வந்து கத்தினார்கள், அவர்களிடமும் காரணம் சொல்லவில்லை. சாமை மூட்டை அம்மாவும் எதுவும் கேட்காமல் தண்ணீர்ப் பாட்டிலை அவளிடம் நீட்டினாள். குடித்தாள். உட்கார்ந்தாள். இரண்டு விசில் கொடுத்தாள். வண்டி புறப்பட்டது.

அங்கிருந்து கள்ளக்குறிச்சிவரை "டிக்கெட்" என்ற ஒரு சொல்லைத் தவிர நான் பேசவில்லை. கண்டக்டருக்கு உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் கரீம் பாயிடம் விசாரித்தார்கள். பள்ளிக்கூடம் வந்ததும் அவள் இறங்கி, "வரேம்பா" என்றாள். இத்தனை நாளில் அவளாக என்னிடம் சொல்லிக்கொண்டு போனது அதுதான்.

அன்றுமுதல் தினமும் போகிறாள், வயிற்று வலி இல்லை. ஆகவே அக்கா, விஷயம் இவ்வளவுதான். வண்டியில் நான் மார்க்கைச் சொன்னதுதான் நோய், விசில்தான் மருந்து. இரண்டும் என்னுடையவையே என்பதால் வெளியாள் உதவி தேவைப்படவில்லை. பெண் முழுக்கச் சரியாகிவிட்டாள், இனி கவலைப்பட ஒன்றுமில்லை, நீ வரவும் வேண்டியதில்லை. மாமாவுக்கு என் வணக்கத்தையும், முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்படி என் யோசனையையும் சொல்லவும். உன் ஆசீர்வாதம் எங்கள் மூவருக்கும் எப்போதும்போல் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
தனசேகரன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தமிழ்மொழி வந்து, "எனுக்கும் படிச்சி காட்டு" என்றாள். படித்தேன். எலுமிச்சம்பழம் வரும் இடத்தில் லேசாகச் சிரித்தாள். மார்க்கைச் சொன்னதுதான் நோய் என்ற இடம் வந்ததும் ஒரு விசில் கொடுத்தாள். "அது பாதிதாம்பா. மீதி உனுக்குத் தெரியாது" என்றாள். யார், என்ன, எப்போது என்று எல்லாக் கேள்வியும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டேன். அவளாகவே பேச ஆரம்பித்தாள். செவ்வந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மகள் சொல்லி முடிக்கும்வரை நான் ஒருமுறைகூட நடுவில் புகவில்லை, பேனாதான் உடைந்துவிட்டது. இதைச் செவ்வந்தியின் பேனாவால் எழுதுகிறேன்.

ஆகவே மேலே சரியாகிவிட்டது, கவலையில்லை, வரவேண்டாம் என்று எழுதியிருப்பதையெல்லாம் படித்ததோடு விட்டுவிடு. நாளைக்கு லீவு போட்டு அவளை மறுபடி நிர்மலா அம்மாவிடம் அழைத்துப் போகிறேன், யாரும் சொல்லாமலே வெளியே உட்காரப் போகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. "அத்தைய வரச் சொல்லு, பொட்டி வேணாம்" என்று அவளே சொல்லச் சொன்னாள். பஸ்ஸ்டாண்டில் மினிபஸ் ஏறு, நம் வாசலிலேயே நிற்கும். வந்ததும் அவளை எதுவும் கேட்காதே. என்னையும் கேட்காதே. இந்தக் கடிதத்தை அனுப்பலாமா என்றதற்கு இரண்டு விசில் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னதை உனக்குச் சொல்லலாமா என்றும் கேட்டேன், அதற்கு இன்னும் கொடுக்கவில்லை.