ஊதா போன இடம்

“என்னங்க, மேஜை மேல ஃப்ளாஸ்க் இருக்கும். அதுல இருக்கறத ஒரு பாட்டில்ல ஊத்தி உடனே குடுத்தனுப்புங்க!”

“எந்த ஃப்ளாஸ்க்?”

“வீட்ல எத்தனை ஃப்ளாஸ்க் இருக்கு? பழுப்பா இருக்கும் பாருங்க.”

“ஆமா, பழுப்பாத்தான் இருக்கு,” என்றார் கணவர்.

ஆராய்ச்சிக்காரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆய்வுக்கூடத்து ஃப்ரிஜ் மண்டையைப் போட்டதால், கீழாநெல்லியைக் கொதிக்கவைத்து இறக்கிய சாற்றை அங்கிருந்த கண்ணாடி ஃப்ளாஸ்க்கோடு வீட்டு ஃப்ரிஜ்ஜில் வைத்திருந்தாள். காலையில் எடுத்து மேஜைமேல் வைத்தவள், கிளம்பும் அவசரத்தில் அங்கேயே விட்டுவிட்டாள். இன்றைக்கென்று பார்த்து இயக்குநர் வருகிறார். சாற்றில் சத்து இருப்பதைக் காட்டாவிட்டால் அவள் ஆராய்ச்சிக்கு மங்களம்தான்.

சோதனை என்னவோ சுலபம். ஊதாக் கரைசலில் சாற்றை விட வேண்டும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்து இருந்தால் நிறம் போகும். அவள் சாற்றுக்கு இதுவரை அது பெயருக்கு வெளிறியதோடு சரி.

பாட்டில் வந்தது. ஒரு சொட்டு விட்டாள். ஊதா போன இடம் தெரியவில்லை! குழாய் முழுக்க இளமஞ்சள்.

“அம்மாடியோவ்!”

அவளுக்குப் புல்லரித்துவிட்டது. கால்படும் இடத்தில் முளைக்கிற செடிக்குள் இப்படியொரு மாயமா? கண் கலங்கியது.

“இன்னொரு தடவை காட்டு!” என்று பேராசிரியை ஓடிவந்தார்.

“எங்களுக்கும்!” என்று பக்கத்து அறைக்காரர்கள் கூடினார்கள்.

ஆளாளுக்குக் காட்டியதில், இயக்குநர் நுழையும்போது பாட்டில் காலி.

மிச்சமிருந்த இலையைப் பரபரவென்று கொதிக்கவைத்தாள். ஊதா அசைந்துகொடுக்கவில்லை. இன்னும் சுண்டக் காய்ச்சினாள். அடிப்பிடித்து அறையெல்லாம் புகை. இயக்குநர் இருமித் தள்ளினார்.

“பாட்டிலை அலசி ஊத்தும்மா!” என்று பேராசிரியை பதறினார்.

அலசி ஊற்றினாள். ஊதா மறைந்தது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். “அலசுன தண்ணிக்கே இந்த சக்தியா! என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்லம்மா. நீ எத்தனை வருஷம் வேணும்னாலும் ஆராய்ச்சி பண்ணு!”

எல்லோரும் கைதட்ட, அவள் வீட்டுக்குச் சேதி அனுப்பினாள். ஃபோன் அடித்தது. வீட்டிலிருந்து மாமனார்தான். அவர் வாழ்த்தை ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏம்மா, ஃப்ளாஸ்க்ல எனக்குப் போட்டு வச்ச பாலில்லாத டீயை ஆய்வுக்கூடத்துக்கு வாங்கிட்டியாமே? பரவால்ல, மேஜை மேல கண்ணாடிக் குடுவைல ஒரு டீ இருந்துது, ஒரே கசப்பு, குடிச்சுட்டேன்!”