அருவிக்கு ஒரு யானை

இந்த மழைக்காலம் முடிவதற்குள் துன்ஹிந்த அருவியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நிஜ அருவியை அல்ல. அது பதுளைக்குப் பக்கத்தில் தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கிறது. நான் சொல்வது உள்ளங்கை அளவு நீலத் துணியில் வெள்ளை நூலால் தைத்த அருவி. சாரணர் பேட்ச்.

பேர் வைரவநாதன். பதுளை பஜாரில் இரும்புக் கடை. கடையில் எல்லோரும் என்னை முதலாளி என்பார்கள். வீட்டில் அந்தப் பதவி என் மனைவி புஷ்பத்திடம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் இருந்தபோது எங்களுக்குப் பேட்ச் பைத்தியம். ஒவ்வொரு முகாமுக்கும் ஒன்று கொடுப்பார்கள். அதைச் சட்டையில் தைப்பதைவிட, வேறு ஊர்க்காரனிடம் கொடுத்து அவனுடையதை வாங்குவதில்தான் சுகம். மாத்துறது என்போம். மாத்தறையைக்கூட மாத்தியிருக்கிறேன். மட்டக்களப்பைக் கொடுத்து மதுரையை வாங்கியிருக்கிறேன். வெள்ளைக்காரன்கூட அவ்வளவு சுலபமாக ஊர்களைக் கைமாற்றியிருக்க மாட்டான்.

அருவி மட்டும் கிடைக்கவில்லை. தியத்தலாவையில் பெரிய முகாம் நடந்த வாரம் எனக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பலாப்பழம். படை முழுக்க லொறியில் ஏறி, பாட்டுப் பாடிக்கொண்டு எங்கள் கடை வழியாகத்தான் போனது. நான் மேல்மாடி ஜன்னலில், தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு கையசைத்தேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பி வந்தவர்கள் எல்லோர் சட்டையிலும் அருவி. மாத்த ஒருத்தனும் சம்மதிக்கவில்லை. சின்னம் என்னவோ சின்னதுதான். ஆசைதான் பெரிசாகிக்கொண்டே போனது. தலை நரைத்த பிறகும், மழையில் ஆள் வராத மத்தியானங்களில் அந்த லொறிச் சத்தம் எனக்குக் கேட்கும்.

போன மாதம் ஃபேஸ்புக்கில் அப்புத்தளை புஹாரி நாநா அந்த அருவியைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். துணிக்கடைக்காரர். பழைய சாரணர். உடனே போன் செய்தேன்.

“மாத்தலாம்,” என்றார். “ஆனா எனக்கு ஒரு செவப்பு யானை வேணும். மதுரைப் பக்கத்து பேட்ச். ஒங்ககிட்ட இருக்கா?”

இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் சிக்கல். புஷ்பத்தின் பழைய சுவெட்டரில், முழங்கையில்.

அங்கே ஓட்டை விழுந்த அன்று, “பெட்டிக்குள்ள சும்மா தூங்குற யானை, ஓட்டையையாவது மூடட்டும்” என்று எடுத்துத் தைத்துவிட்டாள். நான் பேட்ச் சேர்த்தவன். அவள் பேச்சு சேர்த்தவள். பேச்சுதான் ஜெயித்தது.

கேட்டு வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். புஷ்பத்திடம் ஒன்று கேட்டால் பதிலுக்கு ஒன்று கேட்பாள். போன தடவை மீன்குழம்பு கேட்டதற்கு நான் அவள் அண்ணனோடு சமாதானமாக வேண்டியதாயிற்று. அதனால் ஒரு திட்டம் போட்டேன். புது சுவெட்டர் வந்தால் பழசு தானாகக் கழியும்.

“இந்தா புஷ்பம், புது சுவெட்டர்.”

அவள் சுவெட்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“யாருக்கு?”

“ஒனக்குத்தான்.”

“என்னங்க, ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?”

“பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுக்கக் கூடாதா?”

“குடுக்கலாம். நீங்க குடுக்க மாட்டீங்க.”

“பழசு கிழிஞ்சு போச்சே. குடு, நானே கொண்டுபோய்ப் போட்டுர்றேன்.”

“குப்ப லொறி வாசலுக்குத்தான வருது?”

“இல்ல, கடையில தொடைக்கத் துணி வேணும்.”

“அழுக்குத் துணியாலயா கடையத் தொடைப்பீங்க? தொவச்சுத் தர்றேன்.”

அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் பசறையில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புது சுவெட்டரோடு கிளம்பினாள். பொழுது சாயத் திரும்பி வந்தவள், துவைத்து மடித்த பழைய சுவெட்டரை என் கையில் கொடுத்தாள். விரித்துப் பார்த்தேன். முழங்கை இருந்தது. ஓட்டை இருந்தது. யானை இல்லை.

“யானை எங்க?”

“அப்புத்தளைக்குப் போயிருச்சு.”

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்க ரகசியமாப் பேசுறதா நெனச்சுப் போன்ல பேசுறது பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேக்குதுங்க,” என்றாள். “நா பசறைக்குப் போகல. ரயிலேறி அப்புத்தளைக்குப் போனேன். ஜன்னலோரம் எடம் கெடச்சுது. மூஞ்சியெல்லாம் பனி. புஹாரி நாநா வீட்டம்மா ஜெஸீமா வட்டிலாப்பம் குடுத்தாங்க.”

கைப்பையைத் திறந்து மேசையில் வைத்தாள். அருவி. நீலம் கொஞ்சம் வெளுத்திருந்தது. வெள்ளை நூல் மட்டும் அப்போதுதான் விழுகிற மாதிரி பளபளத்தது. என் கை தானாகப் போனது. அவள் மெதுவாகப் பேட்ச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“புஷ்பம், அது எத்தன வருஷத்து ஏக்கம் தெரியுமா?”

“தெரியும். கல்யாணமான நாள்ல இருந்து கேக்குறேன். ஜன்னல், துண்டு, லொறி. அந்த லொறிக்குப் பின்னால ஒரு பஸ் போச்சே, அது தெரியுமா?”

“என்ன பஸ்?”

“எங்க ஸ்கூல் கேர்ள் கைட்ஸ் பஸ். கேம்ப்ஃபயர்ல பாடுறதுக்கு எங்களயும் கூப்பிட்டிருந்தாங்க. நாந்தான் மொதப் பாட்டு. உடுப்பெல்லாம் இஸ்திரி போட்டு வச்சிருந்தேன். காலையில அப்பா, வயசுப் பொண்ணு மல மேல போய்ப் பாட வேணாம்னுட்டாரு. பஸ் எங்க வீட்டத் தாண்டித்தான் போச்சு.”

“நீ சொல்லவே இல்லையே.”

“நீங்க ஒங்க கதைய முடிச்சாத்தான?” பேட்ச்சை விரலால் தடவினாள். “ஒங்களுக்காவது பொன்னுக்கு வீங்கி. எனக்கு எதுவுமே வீங்கல.”

இதற்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் எந்த ஊரும் இல்லை.

அவள் புது சுவெட்டரைக் கழற்றி மடியில் போட்டு, நெஞ்சுப் பக்கம் அருவியை வைத்துப் பார்த்தாள். இடம் பிடிக்கவில்லை. கொஞ்சம் மேலே நகர்த்தினாள். உதட்டுக்குள் ஏதோ பாட்டு. எனக்குத் தெரியாத பாட்டு. முதல் அடி வந்தது, இரண்டாவது அடி பாதி வந்தது, அப்புறம் மறந்துவிட்டது போல. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். இவ்வளவு காலத்தில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. வெளியே பஜார் இரைச்சலில் அது அமுங்கிவிடக் கூடாதே என்று எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

பாட்டை நிறுத்தாமலே அவள் ஊசியை என் பக்கம் நீட்டினாள்.

நூல் கோத்துக் கொடுத்தேன்.